புதுப்பிப்பு: எம்.பி.ஏ. வருகைப்பதிவுக் குறைவு

தந்தையின் அறுவை சிகிச்சைக்காகப் 18 நாட்கள் வகுப்புக்குச் செல்லாததால், மூன்றாம் பருவத் தேர்வு எழுத முடியுமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

அலுவலகத்தில் அரை நாள் விடுப்பெடுத்து, தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறிக் கல்லூரிக்குச் சென்று, முதலாண்டில் கொடுத்தபோது நான் புரட்டியும் பார்க்காத விதிமுறைக் கையேட்டை வரிவரியாகப் படித்த பின்னரே, தேர்வெழுதத் தேவையான 75 விழுக்காடு வருகை என்பது மொத்தச் சராசரிக்கு அல்ல, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே என்பது விளங்கியது. நிதி மேலாண்மையில் மட்டும் 71, மற்றவை தப்பின. 65க்குக் குறையாதவர்கள் மருத்துவச் சான்றிதழுடன் விலக்குக் கோரலாம் என்றாலும், நோயாளி மாணவராகவே இருக்க வேண்டும் என்று கல்லூரி அலுவலகத்தில் வாதிட்டார்கள். கையேட்டில் அப்படியொரு வரியே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, துறைத் தலைவரின் பரிந்துரையோடு முதல்வருக்கு விண்ணப்பித்தேன்.

பருவத்தையே விட்டுவிட்டுப் பிறகு தொடரலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ என்ற கணக்கில் சேரும் கிரெடிட்டுகள் (பாடங்களை முடித்து நாம் ஈட்டும் புள்ளிகள்) அதிகபட்சம் 7 ஆண்டுகள் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கையேடு, சேர்ந்த நாளிலிருந்து 4 ஆண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்கச் சொல்கிறது.

விலக்கு கிடைத்துவிட்டது. ஹால் டிக்கெட்டும் இன்று காலை கைக்கு வந்தது.