புதுப்பிப்பு: பழைய ஸ்கார்ப்பியோவின் மைலேஜ்

பழைய டீசல் ஸ்கார்ப்பியோவில் பிக்கப் இல்லை, மைலேஜும் இறங்கிவிட்டது, கைச்செலவிலேயே என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஏர் ஃபில்டர், டயர் காற்று, இன்டர்கூலர் (என்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். எல்லாம் பார்த்தாயிற்று.

பெரிய வித்தியாசம் ஹோஸில்தான். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் அடியில் கையை விட்டால் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. கிளாம்ப் தளர்ந்து, அழுத்தக் காற்று அங்கேயே கசிந்திருக்கிறது. மேடு ஏறும்போது கரும்புகை கக்கியதும் இதனால்தான். காற்று போதாவிட்டால் டீசல் முழுதாக எரியாதே. கிளாம்பை மாற்றியதும் புகை அடங்கியது, இழுவையும் வந்துவிட்டது.

அப்புறம், சும்மா கிடந்த கூரை கேரியரைக் கழற்றினேன். ஹைவேயில் இரைச்சல்கூடக் குறைந்தது. டயர் காற்றை வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாதபோதே பார்க்கிறேன்.

முன் சக்கரம் ஒன்று மட்டும் சுட்டது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) இறுகி, பிரேக் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதா கிரீஸ் ரப்பர் உறையை உப்ப வைக்கும்.

மைலேஜ் கூடும் என்று டீசல் குழாயில் மாட்டும் காந்தம்? காசுக்குக் கேடு. இஜிஆரை (புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்குள் விடும் அமைப்பு) அடைக்கச் சொன்ன நண்பருக்கு: நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத்தான் அது இருக்கிறது, அதில் கை வைக்கவில்லை.