புதுப்பிப்பு: கல்லூரிக்குத் தனியாகப் போய்வர ஆரம்பித்துவிட்டேன்

பிறவியிலேயே பார்வை இல்லை, கல்லூரியில் சேர்ந்த பிறகும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "முதலில் வெள்ளைக்கோலை ஒழுங்காகப் பழகு" என்றுதான் பலரும் சொன்னீர்கள்.

பழகிவிட்டேன். இடது கால் முன்னே போகும்போது கோல் நுனி வலப்பக்கம் தட்ட வேண்டும், வலது காலுக்கு இடப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுவிடும். ஆரம்பத்தில் தாளம் தப்பியது, இப்போது பேசிக்கொண்டே நடக்கிறேன். (நடைபாதையில் பைக் நிறுத்துபவர்களுக்குத் தனிப் பதிவு உண்டு.) சத்தமில்லாமல் பின்னால் வருவதாக அம்மாவுக்கு நினைப்பு. அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா! இப்போது பேருந்து நிறுத்தத்தோடு திரும்பிவிடுகிறார்.

பணம்தான் தலைவலி. 200 ரூபாய் நோட்டின் நீளம் 146 மில்லிமீட்டர், 500 ரூபாய் 150. நெரிசலில் இந்த 4 மில்லிமீட்டரை விரல் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஓரத்து மேட்டுக்கோடுகளும் பழைய நோட்டில் தேய்ந்துபோகின்றன. அதனால் வீட்டிலேயே ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலியில் காட்டிப் பார்த்து, 500-ஐ நான்காகவும் 200-ஐ இரண்டாகவும் மடித்து வைக்கிறேன். யோசனை சொன்ன அண்ணனுக்கு நன்றி.

அடுத்து செமஸ்டர் தேர்வு. நாம் சொல்லச் சொல்ல எழுதுபவரை வைத்துக்கொண்டால் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் கிடைக்கும், சரி. பொருளாதாரத்தில் வரைபடத்தை வாயால் சொல்லி எப்படி வரைய வைத்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.