குட்டைக் குதிரையை வண்டிக்குப் பழக்குதல்: ஏர்க்கால் பட்டாலே உதைக்கிறது

கேள்வி – தோப்புக்காரன், குடியாத்தம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தென்னந்தோப்பில் ஒரு குட்டைக் குதிரை வளர்க்கிறேன். பெட்டை, பல்லைப் பார்த்த மருத்துவர் மூன்று வயது முடிந்துவிட்டது என்றார். ஐப்பசி முதல் தினமும் காலையில் பழக்கி வருகிறேன். கடிவாளத்தையும் கண்பட்டையையும் ஏற்றுக்கொண்டுவிட்டாள். நான் நீண்ட லகான் வார்களைப் பிடித்துப் பின்னால் நடந்தால், ‘நட’, ‘நில்’ என்ற சொற்களுக்குக் கட்டுப்படுகிறாள்.

சென்ற வாரம்தான் முதன்முறையாக வண்டியில் பூட்டினேன். உள்ளூர்ப் பட்டறையில் இரும்புக் குழாயும் சைக்கிள் சக்கரமும் வைத்துச் செய்த வண்டி. பத்தடி நேராக நடந்தாள். தோப்பு வரப்பருகே இடப்பக்கம் திருப்பியதும், ஏர்க்கால் (குதிரையின் இரு பக்கமும் நீளும் வண்டிக் கட்டை) விலாவில் பட்டதுதான் தாமதம், இரண்டு முறை உதைத்து முன்பலகையைப் பெயர்த்துவிட்டாள். இப்போது வண்டியைத் தொலைவில் கண்டாலே காதைப் பின்னுக்கு மடக்கிக்கொள்கிறாள். போதாக்குறைக்கு, கூரியரில் வரவழைத்த சேணம் பெரிய குதிரையின் குட்டிக்குத் தைத்தது போலிருக்கிறது. மார்ப்பட்டை தொண்டைக்குழியில் போய் அழுத்துகிறது. விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்கு இவளை வண்டியோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. உதைக்கும் குணம் மாறுமா? அதற்குள் முடியுமா?

பதில் 1 – ஜட்கா வீட்டுப் பிள்ளை, வாலாஜாபேட்டை

தம்பி, அதைக் குணம் என்று சொல்லாதீர்கள். கண்பட்டை கட்டிய குதிரைக்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. தெரியாத ஒன்று விலாவில் இடித்தால் உதைக்கத்தான் செய்யும். நீங்கள் கடிவாளத்தைப் பழக்கினீர்கள், குரலைப் பழக்கினீர்கள், ஏர்க்கால் தொடுவதை மட்டும் பழக்காமல் விட்டுவிட்டீர்கள். குறை அது ஒன்றுதான்.

என் தந்தையார் வாலாஜா ரோடு நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே ஜட்கா ஓட்டியவர் (1856-இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்ற அதே நிலையம்தான்). புதுக் குதிரையை வண்டிப் பக்கமே விடமாட்டார். முதலில் ஒரு கோணிச்சாக்கைச் சுருட்டி, கழுத்து முதல் பின்னங்கால் வரை தினமும் தேய்ப்பார். பிறகு வழவழப்பாகச் சீவிய இரண்டு மூங்கில்களைப் பக்கத்துக்கு ஓர் ஆளாகப் பிடித்துக்கொண்டு குதிரையோடு நடப்பார்கள். மூங்கில் முதலில் தோளைத் தொடும். சில நாள் கழித்து விலா, அதன் பிறகே தொடை. குதிரை துள்ளினால் மூங்கிலை எடுக்கக் கூடாது. துள்ளினால் அது போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். அசையாமல் நின்று ஒரு மூச்சு விட்டதும் எடுத்துவிட வேண்டும். அதுவே அதற்குக் கூலி, வெல்லக்கட்டி தேவையில்லை.

திரும்புவதுதான் உண்மையான பாடம். ஏர்க்கால்களுக்கு நடுவே நிற்கும் குதிரையால் வழக்கம்போல் உடலை வளைத்துத் திரும்ப முடியாது. காலைக் குறுக்கே வைத்து, கட்டையைத் தன் உடம்பால் தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும். மூங்கிலைப் பிடித்திருப்பவர்கள் திருப்பத்தில் அதைச் சற்றே அழுத்திக் கொடுத்தால் இது புரிந்துவிடும். அதன் பின் ஒரு பழைய ஸ்கூட்டர் டயரை நீண்ட கயிற்றில் இழுக்கவிட்டு, தரையில் உரசும் சத்தத்துக்குப் பழக்குங்கள். வண்டி அதற்கும் பிறகுதான்.

முன்பாரம், பின்பாரம் பாருங்கள். நீங்கள் இருக்கையில் அமர்ந்த பிறகு, ஏர்க்கால் நுனியை ஒரு கையால் எளிதாகத் தூக்க முடிய வேண்டும். நுனி கனமாக இருந்தால் பாரம் முதுகில் இறங்குகிறது என்று பொருள். தானே மேலெழுந்தால் வயிற்றுப் பட்டை அறுக்கும். இருக்கையைச் சற்று நகர்த்தினாலே சரியாகிவிடும். சைக்கிள் சக்கரத்தை மாற்றிவிடுங்கள், வேகத் திருப்பத்தில் பக்கவாட்டுச் சுமை தாங்காமல் கோணிக்கொள்ளும். பின்தொடையைச் சுற்றிவரும் பட்டை உங்கள் சேணத்தில் உள்ளதா? அது இல்லாவிட்டால் இறக்கத்தில் வண்டி குதிரையின் பின்னங்காலில் போய் இடிக்கும், நீங்கள் பழக்கியதெல்லாம் ஒரே நாளில் வீண்.

இன்னொன்று. வண்டி பூட்டியிருக்கும்போது எக்காரணம் கொண்டும் கடிவாளத்தைக் கழற்றாதீர்கள். தண்ணீர் காட்டுவதற்காக என் சித்தப்பா ஒருமுறை கழற்றினார். கண்பட்டையும் சேர்ந்து விலகவே, அத்தனை நாள் தான் இழுத்த வண்டியை அந்தக் குதிரை அன்றுதான் முழுதாகப் பார்த்தது. புளியமரத்தில் சக்கரம் மோதிய பிறகுதான் நின்றது.

ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க, கூரியரில் சேணம் வாங்கிய கதையை வெளியே சொல்லாதீர்கள். நல்ல தோல் வாங்கி, செருப்பு தைப்பவரிடம் குதிரையையே அழைத்துச் சென்று அளவெடுங்கள்.

பதில் 2 – ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், காட்பாடி

மேலே சொன்னவற்றோடு முழுதும் உடன்படுகிறேன்; உடல்நலம் பற்றிச் சில சொற்கள் மட்டும் சேர்க்கிறேன். கடிவாள இரும்பு படும் இடத்தில், கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சிறு பல் ஒன்று சில குதிரைகளுக்கு முளைத்திருக்கும். அது வலித்தால் லகான் இழுக்கும்போதெல்லாம் தலையை உதறும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தொடக்கத்தில் வண்டியும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடைக்கு மேல் போக வேண்டாம். குட்டை இனம் எளிதில் கொழுத்துக் குளம்பு நோயில் விழும் என்பதால், கொள்ளைக் கண்டபடி வைக்காதீர்கள். இளைக்க வைப்பதாக எண்ணிப் பட்டினியும் போடாதீர்கள். இந்த இனத்தில் அது உயிருக்கே ஆபத்து.

பாலாற்று மணலில் பழக்கினால் கால் உறுதிப்படும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். கையில் பிடித்து நடத்துவதற்குச் சரி. ஆழ்மணலில் வண்டி இழுக்க வைத்தால் இளங்குதிரையின் கால் தசைநார்கள் வீங்கிவிடும். வெயிலைப் பொறுத்தவரை, 1965-ஆம் ஆண்டின் வண்டி விலங்குகள் வதைத்தடுப்பு விதிகளே தெளிவாகச் சொல்கின்றன: 37 டிகிரிக்கு மேல் வெப்பம் போகும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது. வேலூரில் சித்திரை, வைகாசி முழுவதும் அப்படித்தானே? முள்ளோ கூர்முனையோ உள்ள கடிவாளத்துக்கும் அதே விதிகளில் தடை உள்ளது.

பதில் 3 – ஆம்பூர்க்காரன், தற்போது பெங்களூரு

காட்டுவது பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்கக் குட்டைக் குதிரைச் சங்கம் 34 அங்குலத்தை உயர வரம்பாக வைத்திருக்கிறது. தோள்மேட்டில் அளக்காமல், பிடரிமயிரின் கடைசி முடி இருக்கும் இடத்தில் அளப்பார்கள். அங்குள்ள வண்டிப் போட்டிகளில் நடையும் ஓட்டமும் மட்டுமல்லாமல், அசையாமல் நிற்பதையும், சொன்னதும் பின்வாங்குவதையும் நடுவர் பார்க்கிறார். அந்தியூரில் யாரும் அப்படி மதிப்பெண் போடப் போவதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அசையாமல் நிற்கத் தெரியாத குதிரையை வண்டியோடு கொண்டுபோவது யாருக்கும் நல்லதல்ல. வைகாசி முதல் நாள் உங்கள் ஊரிலேயே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருகிறது. அன்று வண்டியில்லாமல், இரண்டு தெரு தள்ளி அவளைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். மேளச் சத்தத்தை எப்படித் தாங்குகிறாள் என்பதிலேயே உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மறுமொழி – தோப்புக்காரன், குடியாத்தம்

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். அளந்ததில் 33 அங்குலம். அந்தச் சிறு பல் இருந்தது, மருத்துவர் எடுத்துவிட்டார். மார்ப்பட்டையைப் புதிதாகத் தைத்தாயிற்று. தைத்தவர் என்னைவிடக் கவனமாக மூன்று முறை அளந்தார். நானும் என் மைத்துனரும் தினமும் காலை ஆறு மணிக்கு மூங்கிலோடு நடக்கிறோம். முந்தாநாள் கிணற்று மேட்டருகே இடப்பக்கம் திருப்பியபோது, மூங்கிலைத் தானே விலாவால் தள்ளிக்கொண்டு காலைக் குறுக்கே வைத்துத் திரும்பினாள். வலப்பக்கம் இன்னும் வாலைச் சுழற்றி முறைக்கிறாள். திருவிழா மேளத்துக்கு முதலில் நடுங்கினாள், அரை மணி நேரத்தில் புல் மேயத் தொடங்கிவிட்டாள். இந்த ஆடிக்கு அந்தியூருக்கு நான் மட்டும் போய்ப் பார்த்து வருவதென்று முடிவு செய்துள்ளேன். வண்டி பட்டறையில் இருக்கிறது, சக்கரம் மாற்ற.