சதுரத்தைத் தாண்டிய பெருக்கல் குறி

2008 டிசம்பரில், நார்ம் கோல்மனுக்கும் அல் பிராங்கனுக்கும் நடந்த செனட் தேர்தலின் வாக்குச் சீட்டுகளை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தபோது, நான் செயின்ட் பால் நகரில் குடியிருந்தேன். பணி விசாவில் இருந்த எனக்கு அங்கே ஓட்டுரிமை கிடையாது. ஆனாலும் முடிவு தெரியாத அலுப்பு எனக்கும் இருந்தது. வாசலில் பனி வாரும்போது நான் அதைச் சொல்லப்போக, பக்கத்து வீட்டுப் பாட்டி, "இதற்கே இப்படியா? 1962இல் நாங்கள் எண்ணியது உனக்குத் தெரியாது" என்று காப்பி குடிக்க அழைத்தார்.

அந்த ஆண்டு நவம்பர் 6 அன்று நடந்த ஆளுநர் தேர்தலில், பதவியிலிருந்த குடியரசுக் கட்சிக்காரர் எல்மர் ஆண்டர்சனை எதிர்த்து நின்ற கார்ல் ரோல்வாக், அவருக்கே துணை ஆளுநராக இருந்தவர். துணை ஆளுநரைத் தனியாகத் தேர்ந்தெடுத்த காலம் என்பதால் அந்த விசித்திரம் சாத்தியமாயிற்று. ஆளுநர் திறந்துவைப்பதற்காக 35ஆம் எண் நெடுஞ்சாலைப் பணியை அவசரமாக, தரமில்லாமல் முடித்தார்கள் என்ற புகாரை எதிரணி கடைசி நேரத்தில் கிளப்பியது. ஆண்டர்சன் கட்சிக்காரரான பாட்டிக்கு அந்தக் கோபம் 46 ஆண்டுகளாகியும் ஆறவில்லை. பதில் சொல்ல அவகாசம் தராத புகார் என்பதால் எனக்கும் அது முறையாகப் படவில்லை.

முதல் கணக்கில் ஆண்டர்சன் 142 வாக்குகள் முன்னிலை பெற, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. தரப்புக்கு ஒருவர், நடுநிலையாளர் ஒருவர் என மூன்று பேர் கொண்ட குழுக்கள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தன. இறுதியில் ரோல்வாக் 6,19,842 வாக்குகளும் ஆண்டர்சன் 6,19,751 வாக்குகளும் பெற்றதாக முடிவாயிற்று. வெறும் 91 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர், தேர்தல் நடந்து 139 நாட்கள் கழித்து, 1963 மார்ச் 25 அன்று பதவியேற்றார். அதுவரை ஆண்டர்சனே ஆளுநராக நீடித்தார்.

பாட்டி ஒரு பழைய உறையின் பின்புறம் சின்னச் சதுரம் ஒன்றை வரைந்து, பெருக்கல் குறியின் இரு கோடுகளும் சதுரத்துக்குச் சற்று வெளியே வெட்டிக்கொள்ளும்படி பென்சிலால் போட்டு, "இது செல்லுமா, செல்லாதா?" என்று என்னிடம் நீட்டினார். நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்குப் போட்ட ஓட்டு?" என்று கேட்டேன். பாட்டி சிரித்துவிட்டு, "எங்கள் மேஜையிலும் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்" என்றார்.