தெருக்கூத்தைப் பற்றிக் கல்லூரி இதழில் எப்படி எழுதுவது?

கேள்வி (செய்யாறு பக்கம், இதழியல் மாணவி):
கல்லூரி இதழில் கலைப் பக்கம் என் பொறுப்பு. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கிறது. ராத்திரி ஆரம்பித்தால் விடியும்வரை போகும். எனக்கு ஆட்டத்தின் அடவும் தெரியாது, ராகமும் தெரியாது. சபா கச்சேரி விமர்சனம் மாதிரி எழுதினால் பொருந்துமா? 300 வார்த்தைக்குத்தான் இடம்.

பதில் 1:
பொருந்தாது. சாயங்காலமே போய் வேஷம் கட்டுவதைப் பாருங்கள். கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்வார்கள், தூக்கிப் பார்க்கக் கேளுங்கள். அப்புறம் கட்டியங்காரன், அதாவது கூத்தின் கோமாளி. கதைக்கு நடுவே உள்ளூர் விவகாரத்தை இழுத்துக் கிண்டல் செய்வான் பாருங்கள், உங்கள் செய்தி அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே புரிசை, தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் ஊர். ஒரு நடை போய்விட்டு வந்து எழுதுங்கள்.

பதில் 2:
வேஷக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கச்சேரி அழைப்பிதழில் பக்கவாத்தியக்காரர் பெயராவது இருக்கும். கூத்து நோட்டீஸில் உபயதாரர் பெயர்தான் கொட்டை எழுத்தில். முகவீணை (சின்ன நாயனம் மாதிரி ஊதுவது), மிருதங்கம், ஆர்மோனியம் வாசிப்பது யார் என்று நேரில் கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கள். திரைக்குப் பின்னால் நின்று பாடி வேஷம் வரும்போது ஃபிளாஷ் அடிக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்!

கேள்வி கேட்டவர்:
சரி. கட்டியங்காரன் எங்கள் ஊர்த் தலைவரையே கிண்டல் செய்தால்?

பதில் 1:
அப்படியே எழுதுங்கள். தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவர் சிரித்தாரா என்பதையும் சேர்த்து.