எடைத்தட்டில் சுண்டெலியின் கருப்பையும் கொல்கத்தாவின் சுபாஷ் முகர்ஜியும்

தம்மைப் பாதித்த ஆசிரியர்களை நினைவுகூரும் இந்தப் பேச்சில் மற்றவர்கள் தங்கள் ஆசிரியர்களைப் பற்றிச் சொன்னார்கள். நான் நேரில் பார்த்தறியாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்: இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கிய கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகர்ஜி.

1980களின் கடைசியில் உடலியங்கியல் முதுநிலை மாணவியாக இருந்தபோது, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான கோனடோட்ரோபினைப் பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்கு ஊசிவழி செலுத்தி, பிறகு கருப்பையை எடுத்து எடைபோடும் பழைய செய்முறை ஒன்றைச் செய்தோம். ஹார்மோன் பெறாத எலியின் கருப்பை நூலிழை போல இருக்கும். பெற்றதோ பருத்து, வடிதாளில் ஒற்றும்போது ஈரக்கறை விடும். ஒரு நாள் சரியாக ஒற்றாமல் எடைபோட்டதில் என் அட்டவணை முழுவதும் வீணாயிற்று.

சில ஆண்டுகள் கழித்து, 1997 ஏப்ரலில் வெளியான கரண்ட் சயின்ஸ் என்ற அறிவியல் இதழில் டி.சி. ஆனந்த் குமார் எழுதிய கட்டுரையைப் படித்தபோதுதான் சுபாஷ் முகர்ஜியைச் சரியாக அறிந்தேன். மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு, 1958இல் இனப்பெருக்க உடலியங்கியலில் முனைவர் பட்டமும், 1967இல் எடின்பரோவில் இனப்பெருக்க ஹார்மோன் ஆய்வில் இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றவர் அவர். எடின்பரோவில் அவருக்கு வழிகாட்டிய ஜான் லொரைன் ஹார்மோன்களை அளப்பதில் பெயர்பெற்றவர் என்பதால், நான் எலிகளோடு பட்ட பாட்டின் அருமை முகர்ஜிக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனுக்காக, அவளை உருவாக்கிய எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் ஹார்மோன் தூண்டலைக் கைவிட்டு, இயற்கைச் சுழற்சியில் முதிர்ந்த ஒற்றை முட்டையையே எடுத்திருந்தார்கள். தூண்டிய சுழற்சியில் கருப்பை உட்சவ்வு கருவை ஏற்கும் நிலையில் இருக்காது என்பது அவர்கள் கண்ட இடர். முகர்ஜியோ கோனடோட்ரோபினால் பல முட்டைகளை வளர்த்து, கருவை உறையவைத்து, ஹார்மோன் கலக்கம் அடங்கிய வேறொரு சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார். துர்கா என்று அழைக்கப்பட்ட அந்தக் குழந்தை அதே ஆண்டு அக்டோபர் 3இல் பிறந்தது. முட்டையை ஒரு சுழற்சியிலும் கருப்பையை இன்னொரு சுழற்சியிலும் தயார்செய்வது என்ற அந்த யோசனை, ஹார்மோன்களோடு வாழ்ந்தவருக்கே தோன்றக்கூடியது என்பது என் எண்ணம்.

மேற்கு வங்க மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு அவர் சொன்னதை நம்பவில்லை. அந்தக் குழுவுக்குத் தலைவர் ஒரு வானொலி இயற்பியல் அறிஞர் என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஜப்பானுக்குச் சென்று தம் பணியை விளக்க அனுமதி மறுக்கப்பட்டது. 1981 ஜூனில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். அந்த மாதம் 19ஆம் தேதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவால் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் என்ற பெயர் ஆனந்த் குமாருக்கே இருந்தது. முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்த பிறகு, முதலிடம் தமக்கு உரியதன்று என்று அவரே எழுதினார்.