மறுமொழி: ‘தியேட்டர் கமாண்ட்’ – அரங்கா, களமா, புலமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு போர்ப்பகுதியில் முப்படைகளையும் ஒரே தளபதியின் கீழ் வைக்கும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் ‘தியேட்டர் கமாண்ட்’ என்று பெயர். அதற்குத் தமிழ் கேட்ட நண்பர் வார இதழில் வேலை பார்ப்பவர். அவருக்கு வேண்டியது ஒரு சொல். நான்கு நாளில் நாம் அவருக்குக் கொடுத்திருப்பது ஒன்பது சொற்களும் ஒரு சண்டையும். வாயை மூடிக்கொண்டு படித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். நேற்று வந்த மடல் விடவில்லை.

> திரையரங்கு, அறுவை அரங்கு எல்லாம் வழக்கில் வந்துவிட்டன. அதே வரிசையில் போரரங்கு என்று வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? தியேட்டர் என்றால் அரங்கு.

தியேட்டர் என்றால் அரங்கு அல்ல என்பதுதான் என் கட்சி.

கிரேக்கத்தில் ‘தெயாத்ரோன்’ என்றால் பார்க்கும் இடம். மலைச்சரிவில் மக்கள் உட்கார்ந்த படிவரிசைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். நடிகர்கள் உடை மாற்றிக்கொண்டு வெளிப்பட்ட இடம் ‘ஸ்கேனே’, அதாவது கூடாரம். பாடற்குழு ஆடிய தரை ‘ஓர்கெஸ்த்ரா’. எழும்பூர் மியூசியம் தியேட்டரில் பின்வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர்களின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: அந்த நாற்காலி வரிசைகள்தான் தியேட்டர், மேடை அல்ல. வடமொழி நாட்டிய சாத்திரமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. அதில் வரும் ‘பிரேட்சாகிருகம்’ என்பதற்குப் பார்க்கும் வீடு என்று பொருள். (‘தியரி’யும் கிரேக்கத்தின் அதே வேரில் முளைத்தது. அவர்களுக்குக் கோட்பாடு என்றால் கண்டது, நமக்குக் கொண்டது. இதற்குத் தனி இழை தொடங்கலாம், இப்போது வேண்டாம்.)

நம் அரங்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்குக்கு அளவு கொடுக்கிறார் இளங்கோ. 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மேலே உத்தரப் பலகைக்கும் கீழே அரங்கின் பலகைக்கும் இடையே 4 கோல். இரண்டு வாயில், மூன்று வகைத் திரை, தூணின் நிழல் விழாதபடி விளக்கு. இவ்வளவு சொன்னவர், பார்க்க வந்தவர்கள் உட்கார எத்தனை கோல் என்று அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அரங்கு என்பது ஆடுகிறவளின் இடம். ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்ற குறளில் வரும் அரங்கோ தரையில் கீறிய கட்டம். காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்துகொண்ட நிலத்துக்கும் அரங்கம் என்றுதான் பெயர். மூன்றிலும் நான் காண்பது ஒன்றுதான்: சுற்றியிருப்பதிலிருந்து பிரித்து, எல்லை வகுத்த தரை. அதற்குப் பார்ப்பவர்களின் கண் தேவையில்லை.

பார்ப்பவர்கள் கூடிய இடத்துக்குத் தமிழில் சொல் இல்லாமலும் இல்லை. ‘கூத்தாட்டு அவைக்குழாத் தற்றே’ என்கிறாரே வள்ளுவர், அந்தக் கூத்தாட்டு அவைதான் தெயாத்ரோனுக்கு மிக அருகில் வருவது.

பழைய மொழிபெயர்ப்பாளர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். சரியாகத் தடுமாறினார்கள் என்றே சொல்வேன். தமிழ் விவிலியத்தின் பழைய பதிப்பில், அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில், எபேசு நகரத்துக் கூட்டம் ‘அரங்கசாலைக்கு’ப் பாய்ந்தோடுகிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது தெயாத்ரோன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் தம்மைப் போன்றவர்கள் உலகத்தின் முன் என்ன ஆனார்கள் என்று சொல்லும்போது அதே தெயாத்ரோன் மறுபடி வருகிறது. அங்கே தமிழில் ‘வேடிக்கையானோம்’. ஒரே சொல், ஓரிடத்தில் கட்டடம், இன்னோரிடத்தில் வேடிக்கை. இப்படிப் பிரித்துப் போடத் தெரிந்தவர்களிடம் நாம் பாடம் கேட்கலாம்.

அப்படியானால் அறுவை அரங்கு தவறா? இல்லை, ஆங்கிலத்தைவிடப் பொருத்தம். இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் 1595-இல் திறந்த உடற்கூற்றுத் தியேட்டரில் ஆறு அடுக்குகளில் மாணவர்கள் நின்று, நடுவில் கிடத்திய சடலத்தை அறுப்பதைக் குனிந்து பார்த்தார்கள். லண்டனில் 1822-ஆம் ஆண்டைச் சேர்ந்த அறுவைக்கூடம் ஒன்று இன்றும் இருக்கிறது. மயக்க மருந்து வராத காலம்; நோயாளி அலற, சுற்றிலும் படிகளில் கூட்டம். ஆகவே தியேட்டர் என்றார்கள். இன்று அறுவை நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டத்தை விடுவதில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அரங்குக்கு அந்தச் சிக்கலே இல்லை. அது வேலை நடக்கும் இடம், அவ்வளவுதான்.

சென்ற மாதம் என் மாமியாருக்குக் கண்புரை அறுவை. கதவுக்கு மேலே நீலப் பலகையில் ‘அறுவை அரங்கம்’ என்று வெள்ளை எழுத்து, கீழே ‘காலணிகளைக் கழற்றவும்’. பச்சை அங்கியை மாட்டிவிட்டு முடிச்சுப் போட்ட செவிலியர், “தியேட்டருக்குப் போகலாமா பாட்டி?” என்று கேட்டார். “எத்தனை மணி ஆட்டம்?” என்றார் மாமியார். பலகையில் என்ன எழுதினாலும் வாயில் வருவது தியேட்டர்தான். அண்ணா சாலையில் 1913-இல் எலெக்ட்ரிக் தியேட்டர் வந்த நாளிலிருந்து இந்த ஊரில் அந்தச் சொல் படத்தோடு ஒட்டிக்கொண்டது. கொட்டகை என்று சொன்னவர்கள் குறைந்துபோனார்கள். பேச்சில் இருப்பது இருக்கட்டும். நாம் அச்சுக்குச் சொல் தேடுகிறோம்.

இனிப் போருக்கு வருகிறேன். பிரஷ்யப் படைத்தளபதி கிளாஸ்விட்ஸின் போர் நூல் 1832-இல் அச்சேறியது. போர் நடக்கும் மொத்தப் பரப்பில் எல்லைகள் காக்கப்பட்டு, ஓரளவு தனித்தியங்கும் பகுதியைத்தான் அவர் போரின் தியேட்டர் என்கிறார். தனித்தியங்குவது என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இன்றைய வழக்கில் கடல், வானம், சாலை, கிடங்கு எல்லாம் அதற்குள் அடக்கம்.

> களம் என்ற அருமையான சொல் இருக்கப் புதிது எதற்கு?

களம் சிறியது, ஐயா. தொல்காப்பியம் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் அடுத்தடுத்து வைக்கிறது. நெல் அடிக்கும் இடமும் தலை விழும் இடமும் ஒரே சொல்லில். அது ஒரு சண்டைக்கான நிலம். ஒரு தியேட்டருக்குள் நூறு களம் இருக்கலாம். அரங்கு அதைவிடச் சிறியது, போதாததற்குப் பலகை போட்டது. தவிர, நாளிதழ்களில் நாள்தோறும் ‘கொடூரம் அரங்கேறியது’ என்று படித்துப் படித்து எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

நான் முன்வைப்பது போர்ப்புலம். புலம் என்றால் நிலப்பரப்பு. புலம்பெயர்ந்தவர்கள் என்கிறோமே, அந்தப் புலம். புலனறிவும் அதே சொல்தான். கண்ணில் படுவதைப் புலப்படுகிறது என்கிறோம். இடமும் பார்வையும் ஒரே சொல்லில் கூடியிருக்கின்றன. தெயாத்ரோனுக்கு ஈடு தேடி நான் போகவில்லை, பரப்பைக் குறிக்கும் சொல்லைத்தான் தேடினேன். தட்டுப்பட்டதும் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

காந்தப்புலம், மின்புலம் என்று பள்ளியில் படித்த பிள்ளை குழம்பாதா என்று கோவை நண்பர் கேட்பார். முன்னால் போர் என்று இருக்கும்போது குழப்பம் வராது. லெக்சர் தியேட்டர் எனும் விரிவுரைக் கூடத்துக்கும் ஹோம் தியேட்டருக்கும் இதை இழுக்க வேண்டாம். விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வதைக் கேலி செய்ய ஆங்கிலத்தில் பாதுகாப்புத் தியேட்டர் என்கிறார்களே, அதற்குப் பாதுகாப்புக் கூத்து என்று சொன்னால் நம் ஊரில் யாருக்கும் உரை வேண்டியிருக்காது.

பின்பாதிக்குக் ‘கட்டளை’ என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். இங்கே கமாண்ட் என்பது உத்தரவு அல்ல, ஒரே தளபதியின் கீழ் வரும் படையமைப்பு. இந்தியத் தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3 கமாண்ட் என்று தனித்தனியாக இருப்பவற்றை முப்படைக்கும் பொதுவாக்குவதுதான் திட்டம். 2001-இல் அமைந்த அந்தமான் நிகோபார் கமாண்ட் அப்படிப்பட்ட முதல் அமைப்பு. ஆகவே தலைமை என்பதே பொருந்தும். முழுச்சொல்: போர்ப்புலத் தலைமை.

வெள்ளிக்கிழமை இதழ் அச்சுக்குப் போகிறது என்று நண்பர் எழுதியிருந்தார். தலைப்பில் இடம் போதவில்லை என்று ‘புலத் தலைமை’ ஆக்கிவிடாதீர்கள். பல்கலைக்கழகங்களில் புலத்தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் படை கிடையாது.